செறிவூட்ட இது யுரேனியமா?

பிறர் செலவில் கிடைத்த பலனைக் காசு கொடுக்காமல் வைத்துக்கொள்வதைக் குறிக்கும் ‘அன்ஜஸ்ட் என்ரிச்மென்ட்’ என்ற ஆங்கிலச் சட்டச் சொல்லை ‘நியாயமற்ற செறிவூட்டல்’ என்று எழுதுவது பரவிவிட்டது. யுரேனியத்தைச் செறிவூட்டலாம், அரிசியில் இரும்புச்சத்தைச் செறிவூட்டலாம். வேலையை வாங்கிக்கொண்டு காசு தராத ஆளை யார் செறிவூட்டினார்கள்? அகராதியில் கண்ணில் பட்ட முதல் பொருளை எடுத்து ஒட்டியதன் விளைவு இது.

கருத்து ரோமானியச் சட்டத்திலிருந்து வந்தது: பிறர் நட்டத்தில் எவரும் செல்வம் சேர்ப்பது நீதியல்ல என்றார் ரோமானியச் சட்ட அறிஞர் பொம்போனியஸ். நம் 1872 ஒப்பந்தச் சட்டத்தில் இது 70ஆம் பிரிவு. இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல், சட்டப்படி ஒருவர் செய்து கொடுத்ததன் பலனை மற்றவர் அனுபவித்தால் ஈடு தரவேண்டும்.

சிலர் எழுதும் ‘முறைகேடான சொத்துச் சேர்ப்பு’ இன்னும் மோசம். லஞ்ச வழக்கு வாடை அடிக்கிறது. இங்கே பலன் பெற்றவர் தப்பே செய்திருக்க வேண்டியதில்லை. மேற்கு வங்க அரசுக்கும் பி.கே. மண்டல் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கைப் பாருங்கள். 1944இல் வங்காளத்தின் ஆரம்பாக் ஊரில் அரசு அதிகாரிகள் கேட்டபடி காவலர் அறை, சமையலறை, மண்சாலை எல்லாம் நிறுவனத்தார் போட்டுக் கொடுத்தார்கள். 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் கேட்ட முறையில் ஒப்பந்தம் எழுதப்படவில்லை, ஆகவே செல்லாது. ஆனாலும் அரசு அவற்றை ஏற்றுப் பயன்படுத்தியதால் பணம் தரவேண்டும் என்றது உச்ச நீதிமன்றம், 1961இல். இதில் முறைகேடு எங்கே? காசு கொடுக்காமல் பலனை வைத்துக்கொள்ள உரிமை இல்லை, அவ்வளவுதான். ‘உரிமையிலா ஆதாயம்’ என்றால் பொருள் நேராக வந்துவிடுகிறது.

‘ஆதாயம்’ வடசொல், ‘ஊதியம்’ என்று மாற்று என்பார்கள். குறளில் ஊதியம் என்றால் ஆதாயம்தான். இன்றைக்கு அது சம்பளம். ‘உரிமையிலா ஊதியம்’ என்று எழுதினால், கூலி கிடைக்காதவன் கேட்கும் கூலியே உரிமையற்றது என்றாகிவிடும்!

கூடவே வரும் ‘குவாண்டம் மெரூயிட்’ என்ற லத்தீன் சட்டத் தொடரும் தப்பவில்லை, ‘தகுதிக்கேற்ற ஊதியம்’ ஆக்கிவிட்டார்கள். படிப்பையும் பணிமூப்பையும் யாரும் அளக்கவில்லை. ‘செய்த வேலைக்குரிய தொகை’ போதும்.

சொல் பிசகினால் வழக்கும் பிசகும். வாதுரையில் ‘முறைகேடு’ என்று எழுதினால், மோசடியின் விவரங்களைக் காட்டு என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 6ஆம் ஆணை, 4ஆம் விதியை எதிர்த்தரப்பு நீட்டும். 70ஆம் பிரிவுக்கு அது தேவையே இல்லை. முடித்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகமும் வேலையை ஏற்றுக்கொண்ட கடிதமும்தான் தேவை.