பூர்வகுடி என்றே சொல்வோம்

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு வயது 78. கண்புரை அறுவைக்குப் பெயர் பதிய வேண்டும் என்று அவருக்குத் துணையாகப் போயிருந்தேன். சிட்னியின் மேற்குப் பக்கத்தில் ஒரு மருத்துவமனை. ஆஸ்திரேலியாவில் மருத்துவமனையில் பெயர் பதியும்போது, பிறந்த தேதி, ஒவ்வாமை எல்லாம் கேட்ட கையோடு ஒரு கேள்வியை எல்லோரிடமும் கேட்பார்கள். ஆளைப் பார்த்து ஊகிக்கக் கூடாது, கேட்டே தீரவேண்டும் என்பது முறை. தொலைபேசியில் இருந்த தமிழ் மொழிபெயர்ப்பாளர் அதை இப்படிக் கேட்டார்: “அம்மா, நீங்கள் ஆதிவாசியா?”

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். “என்ன பிள்ளை கதைக்கிறாய்? நான் பருத்தித்துறையாள். காட்டுக்குள்ள இருந்தோ வந்தனான்?”

எழுத்தருக்கு ஒன்றும் புரியவில்லை. ‘இல்லை’ என்று தட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். வீடு வரும் வரைக்கும் காரில் இதே பேச்சுத்தான். இலங்கைத் தமிழில் ஆதிவாசி என்றால் வேடர்தான் நினைவுக்கு வருவார்கள். வேடராக இருப்பதில் என்ன குறை என்று அம்மாவிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. ஆனால் ஒன்று: அவருக்குக் காது மந்தமில்லை. அந்தச் சொல்லுக்குள் காடு இருக்கிறது என்பதைச் சரியாகவே கேட்டார். ஆங்கிலக் கேள்வியில் காடு கிடையாது. “நீங்கள் அபொரிஜினல் அல்லது டாரஸ் நீரிணைத் தீவுப் பூர்வீகம் கொண்டவரா?” என்பதுதான் கேள்வி. வெள்ளையர் வருமுன்பே ஆஸ்திரேலியாவில் இருந்த மக்களின் வழிவந்தவரா என்று பொருள்.

‘அபொரிஜினல்’ என்ற சொல்லின் கதை சிறியது. இலத்தீன். ரோமாபுரி தோன்றுவதற்கு முன் லத்தியம் பகுதியில் இருந்ததாகச் சொல்லப்படும் மக்களுக்கு ‘அபொரிஜினெஸ்’ என்று பெயர். ‘அப் ஒரிஜினே’, அதாவது ‘தொடக்கத்திலிருந்தே’ என்று அதற்குப் பொருள் சொன்னார்கள். ஆங்கிலேயர்கள் அதை எடுத்துத் தாங்கள் போய் இறங்கிய இடங்களில் முன்பே இருந்தவர்களுக்கெல்லாம் வைத்தார்கள். 1788 ஜனவரி 26-இல் சிட்னியில் இறங்கிய பிறகு மெல்ல ஆஸ்திரேலியாவோடு ஒட்டிக்கொண்டது. ‘அபாரிஜின்’ என்று ஆளைச் சுட்டும் பெயர்ச்சொல்லை இன்று அங்கே இழிவாக எடுத்துக்கொள்கிறார்கள். நம் பத்திரிகைகள் ‘அபாரிஜின்கள்’ என்று பன்மை வேறு போட்டு எழுதுகின்றன. அதை விடவேண்டும். அதேபோல் ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடைப்பட்ட டாரஸ் நீரிணையின் தீவினர் வேறு மக்கள். 1992 ஜூன் 3-இல் வந்த புகழ்பெற்ற நில உரிமைத் தீர்ப்புக்குக் காரணமான எடி மாபோ அங்குள்ள மெர் தீவுக்காரர். அவரை அபொரிஜினல் என்று எழுதுவது பிழை.

சரி, தமிழில் என்ன சொல்வது? அதற்கு முன் யாரை அப்படிச் சொல்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். 1981 முதல் ஆஸ்திரேலிய நடுவண் அரசு மூன்று நிபந்தனைகளைக் கைக்கொள்கிறது: அந்த வழியில் பிறந்திருக்க வேண்டும், தான் அவர்களில் ஒருவர் என்று கொள்ளவேண்டும், அந்தச் சமூகமும் அவரைத் தம்மவர் என்று ஏற்கவேண்டும். தோல் நிறம் இதில் இல்லை. இரத்தத்தில் எத்தனை சதம் என்ற கணக்கும் இல்லை. அந்தக் கணக்கைப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. அரை, கால், அரைக்கால் என்று பிள்ளைகளைப் பிரித்தார்கள். பிரித்ததோடு விடவில்லை. வெளிறிய பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிடுங்கி விடுதிகளில் அடைத்தார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1944-இல் ஒரு சட்டம் வந்தது. குடியுரிமைச் சான்றிதழ் வேண்டுமா? நெருங்கிய இரத்த உறவு தவிர மற்றத் தம்மவரோடு இரண்டு வருடமாக ஒட்டுறவு இல்லை என்று காட்டவேண்டும். அந்தக் காகிதத்தை அவர்களே ‘நாய் லைசென்ஸ்’ என்றுதான் அழைத்தார்கள்.

இன்று நிலைமை தலைகீழ். உறவு இருக்கிறது என்று காட்டவேண்டும். இம்மக்களுக்கென ஒதுக்கிய வேலைக்கோ உதவித்தொகைக்கோ மனுப்போட்டால், உள்ளூர் அபொரிஜினல் அமைப்பு ஒன்று முத்திரை குத்தி உறுதிசெய்த கடிதம் கேட்பார்கள். பாட்டியை ஐந்து வயதில் பிடுங்கிக்கொண்டு போய், பெயரையும் மாற்றிவிட்டார்கள் என்றால் பேத்தி எந்த அமைப்பிடம் போய் நிற்பது? மூன்றாவது நிபந்தனையில் இன்றும் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். இந்த மக்களை அழைக்க நாம் தேர்ந்தெடுக்கும் சொல் இந்தச் சங்கதிகளையெல்லாம் தாங்கவேண்டும்.

இப்போது ‘ஆதிவாசி’. ஜார்க்கண்டில் அது பெருமைச் சொல். ஜெய்பால் சிங் முண்டா 1939-இல் தலைமையேற்ற அமைப்பின் பெயரே ஆதிவாசி மகாசபை. அவர்கள் தமக்குச் சூடிக்கொண்ட பெயரில் நான் குறை காணவில்லை. தமிழில் அது எப்படி ஒலிக்கிறது என்பதைப் பருத்தித்துறை அம்மா சொல்லிவிட்டார். எனக்கு உறுத்துவது பின்பாதி. வாசி என்றால் வசிப்பவர். நகரவாசி, சென்னைவாசி, வாடகைக்குக் குடிவந்தவரும் குடியிருப்புவாசிதான். வசிப்பவருக்கு நிலத்தில் என்ன உரிமை? 1992 வரை ஆஸ்திரேலியச் சட்டம் சொன்னதும் இதையேதான்: இங்கே ஆட்கள் வசித்தார்கள், ஆனால் நிலம் யாருக்கும் உரியதாக இல்லை. மாபோ தீர்ப்பு அதைத்தான் உடைத்தது. உடைந்ததை ஒட்டவைத்துத் தமிழில் பெயராக வைக்கவேண்டுமா?

‘குடி’ அப்படியில்லை. குலம், ஊர், நாட்டு மக்கள் எல்லாம் அதில் வரும். குடியுரிமையும் குடியரசும் அதிலிருந்து பிறந்தவை. ஆகவே பின்பாதி குடி என்பதில் எனக்கு ஐயமில்லை. முன்பாதியில்தான் சண்டை.

‘பழங்குடி’ அருமையான சொல். கொடுக்கக் கையில் இல்லாமல் போனாலும் பழங்குடி பண்பிலிருந்து விலகாது என்று குறளில் (955) வருகிறது. அங்கே அது வழிவழியாக மதிப்போடு வந்த குடும்பம். அந்தப் பொருளே நிலைத்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. இன்று தமிழ்நாட்டில் பழங்குடி என்றால் பட்டியல். கோட்டாட்சியர் கையெழுத்து. யாரைப் பட்டியலில் சேர்க்கலாம் என்று 1965-இல் இந்திய அரசின் லோகூர் குழு வகுத்த அடையாளங்கள் என்ன தெரியுமா? பழைமை மாறாத இயல்பு, தனிப் பண்பாடு, ஒதுங்கிய வாழிடம், பிறரோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை. இந்த ஐந்தையும் எடுத்துக்கொண்டு, அபொரிஜினல் மக்களுக்குப் பேர்போன சிட்னியின் ரெட்ஃபெர்ன் பகுதிக்குப் போய்ப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் இம்மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெருநகரங்களில் வாழ்கிறார்கள். வழக்கறிஞர், செவிலியர், பேருந்து ஓட்டுநர், பேராசிரியர். கூச்சமெல்லாம் எங்கே போய்த் தேடுவது? 2021 கணக்கெடுப்பில் 8 லட்சத்து 12 ஆயிரம் பேர் தம்மை அபொரிஜினல் அல்லது தீவினர் என்று பதிந்தார்கள். ஐந்து வருடத்தில் 25 சதவீத ஏற்றம். பிறப்பு மட்டும் காரணமில்லை. முன்பு சொல்லத் தயங்கியவர்கள் இப்போது சொல்கிறார்கள். பட்டியல் பழங்குடி என்ற சட்டிக்குள் இப்படியான ஓர் அடையாளத்தை அடைக்க முடியாது.

அடுத்து ‘தொல்குடி’. இதை முன்வைப்பவர் என் நண்பர், தனித்தமிழ்க்காரர். அவரோடு இந்தச் சண்டை ஐந்து வருடமாக நடக்கிறது. “பூர்வம் வடசொல், தொல் இருக்கப் பூர்வம் எதற்கு?” என்பது அவர் கட்சி. தமிழ்நாடு அரசே பழங்குடியினர் திட்டம் ஒன்றுக்குத் ‘தொல்குடி’ என்று பெயர் வைத்ததும் அவருக்கு இன்னும் பலம் வந்துவிட்டது. சொல்லில் இலக்கணக் குற்றம் ஒன்றுமில்லை. கேட்கவும் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் ஒரு சொல்லின் பொருள் அதன் வேரில் மட்டும் இருப்பதில்லையே, அதனோடு புழங்கும் கூட்டாளிகளிடமும் இருக்கிறது. தொல்லியல், தொல்பொருள், தொல்லெச்சம். தொல் என்று தொடங்கும் எதுவும் இன்று மண்ணுக்கடியில் கிடக்கிறது அல்லது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அந்த வரிசையில் உயிரோடிருக்கும் மனிதரை நிறுத்தலாமா? அவர்களை அருங்காட்சியகப் பொருளாகப் பார்த்த வரலாறு வெறும் உவமை இல்லை. எலும்புகளைத் தோண்டி எடுத்துக்கொண்டு போய் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் வைத்தார்கள், அவற்றைத் திரும்பக் கேட்டு இன்றைக்கும் போராடுகிறார்கள்.

“தொல்காப்பியம் மண்ணுக்கடியிலா கிடக்கிறது?” என்றார் நண்பர். நல்ல கேள்விதான். ஆனால் தொல்காப்பியத்தைப் பார்த்து “நீ இன்னும் இருக்கிறாயா?” என்று யாரும் கேட்பதில்லை. வெளிறிய தோலும் பழுப்பு முடியுமாக ஒரு கூரிப் பெண் (தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் அபொரிஜினல் மக்கள் தம்மைக் கூரி என்பார்கள்) வந்து நின்றால் “நீ உண்மையான அபொரிஜினல் மாதிரி இல்லையே” என்று கேட்கிறார்கள். நம்மவர்களும் கேட்கிறார்கள், அதை நானே காதால் கேட்டிருக்கிறேன். ‘தொல்’ என்ற அடை அந்தக் கேள்விக்குத் துணைபோகிறது: தொன்மையாகத் தெரிந்தால்தான் நீ அவர், ஜீன்ஸ் போட்டால் இல்லை. தொன்மை ஆளின் மேல் ஒட்டியிருக்கும் குணம்போல் ஆகிவிடுகிறது. இங்கே நமக்கு வேண்டியது குணமில்லை, உரிமை. யார் பழையவர் என்பது கேள்வியே அல்ல, இது யாருடைய இடம் என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்குத் தமிழில் கையோடு இருக்கும் சொல் பூர்வீகம். ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும் முன் கேட்பாரே, “உங்களுக்குப் பூர்வீகம் எது?” வேலூரில் வேலை, சென்னையில் வீடு, ஆனால் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம் என்போம். பூர்வீகம் என்றால் பழைய ஊர் என்று மட்டும் பொருளில்லை. அங்கே இன்னும் நமக்கு ஏதோ பாத்தியதை இருக்கிறது, கோயில் இருக்கிறது, பங்காளி இருக்கிறார் என்று பொருள். பூர்வீகச் சொத்து என்றால் இன்னும் தெளிவு. அப்பா தன் இஷ்டத்துக்கு விற்றுவிட முடியாது, பேரனுக்கும் அதில் பங்கு உண்டு. ஊரில் இல்லாதவருக்கும் உண்டு, வேட்டி கட்டாமல் கோட்டுப் போட்டவருக்கும் உண்டு. அபொரிஜினல் மக்கள் இருவர் முதன்முதலாகச் சந்தித்தால் கேட்டுக்கொள்வதும் இதேதான்: உன் ஆட்கள் யார், எந்தப் பக்கம்? நூங்காரா, யோல்ங்குவா, விராஜுரியா? பாட்டி பெயரைச் சொன்னால் போதும், ஐந்து நிமிடத்தில் உறவுமுறை கண்டுபிடித்துவிடுவார்கள். மூன்று நிபந்தனையும் இந்தப் பேச்சில் அடங்கிவிடும். மருத்துவமனைக் கேள்வியிலும் இருப்பது பூர்வீகம்தான்.

ஆகவே பூர்வகுடி. பூர்வம் வடக்கிலிருந்து வந்தது என்பதை மறுக்கவில்லை. வந்து, பந்தியில் உட்கார்ந்து, சாப்பிட்டு, சொத்துவழக்கும் போட்டாகிவிட்டது. தூய்மைக்காக அதை எழுப்பிவிட்டு, வேறொருவரை அருங்காட்சியகத்தில் உட்கார வைக்க நான் தயாரில்லை. முதற்குடி என்றும் சிலர் எழுதுகிறார்கள். அதில் எனக்குப் பகையில்லை, ஆங்கிலத்தில் இப்போது ‘முதல் நாட்டினர்’ என்ற பொருளில் வழங்குவதற்கு அது பொருந்தும். இனப்பெயர் தெரிந்த இடத்தில் இனப்பெயரையே போட்டுவிடலாம். கடிகல் நிலம், கௌர்ணா மொழி என்றால் எந்தத் தகராறும் இல்லை.

எழுத உட்கார்ந்தபின் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. பெயரைச் சரியாக எழுதுபவர்கள்கூட அடுத்த வரியில் ‘பின்தங்கிய மக்கள்’ என்று எழுதிவிடுகிறார்கள். 2020-22 கணக்குப்படி பூர்வகுடி ஆண்களின் ஆயுள் மற்றவர்களைவிட 8.8 வருடம் குறைவு, பெண்களுக்கு 8.1. சிறையில் இருப்பவர்களில் மூன்றில் ஒருவர் பூர்வகுடி, மக்கள்தொகையில் அவர்கள் 4 சதவீதம்கூட இல்லை. இது பின்தங்கியதா? பந்தயத்தில் மெதுவாக ஓடினார்களா? தாஸ்மானியாவின் பாலவா இனத்தவரான சமூகவியலாளர் மேகி வால்டர் ஒன்று சொல்வார்: பூர்வகுடிகளைப் பற்றி அரசு திரட்டும் புள்ளிவிவரம் எல்லாம் ஏற்றத்தாழ்வு, வறுமை, பின்னடைவு, சீர்குலைவு, வேறுபாடு என்ற ஐந்தையே சுற்றிவருகிறது, குறை அவர்களிடமே இருப்பதுபோல் படம் விழுகிறது. இதைத் தமிழில் சரிசெய்ய நாம் புதிதாக எதையும் ஆக்கவேண்டியதில்லை. பிற்படுத்தப்பட்டோர், தாழ்த்தப்பட்டோர், ஒடுக்கப்பட்டோர். செய்தவன் ஒருவன் இருக்கிறான் என்று ‘பட்ட’ என்ற இரண்டரை எழுத்தில் சொல்லிவிடும் அரசியல் தமிழ் நம்மிடம் நூறு வருடமாக இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஆங்கிலத்தைப் பார்த்துப் ‘பின்தங்கிய’ என்று எழுதுகிறோம்.

‘கலப்பினக் குழந்தைகள்’ என்று எழுதுவோருக்கும் ஒரு வார்த்தை: கலப்பினம் மாட்டுக்கு. ஆவின் பால்காரரிடம் கேளுங்கள். தாயிடமிருந்து பிடுங்கப்பட்ட பிள்ளைகளைத் ‘திருடப்பட்ட தலைமுறை’ என்பதும் எனக்கு ஒவ்வவில்லை, சைக்கிள் காணாமல் போனதுபோல் இருக்கிறது. பறிக்கப்பட்ட தலைமுறைகள் என்று எழுதலாம். பன்மையில். ஒரு தலைமுறையோடு முடியவில்லை.

அம்மாவுக்கு இரண்டாவது கண்ணுக்கும் பதிவு வந்தது. இந்தமுறை தொலைபேசியில் யாரையும் பிடிக்காமல் என்னையே கேட்கச் சொன்னார்கள். “அம்மா, உங்களுக்குப் பூர்வீகம் இந்த நாடோ? இங்கத்தைய பூர்வகுடி ஆக்களோ எண்டு கேக்கினம்” என்றேன், என் யாழ்ப்பாணத் தமிழ் கொஞ்சம் தடுமாறினாலும். அவர் சிரித்தார். “இல்லையப்பா, நாங்கள் வந்து பதினாறு வருசம்தானே” என்றவர், எழுத்தரைக் கண்ணால் காட்டி, “இவ ஆரெண்டு கேள், இவவின்ர பூர்வீகம் எதாம்?” என்றார்.