முடிவெடுக்கும் வரை பாலம் காத்திருக்குமா?

பாலங்களைச் சோதிப்பது என் தொழில். சிறிய சுத்தியல் ஒன்றை வைத்துக்கொண்டு தூண் தூணாகத் தட்டிக்கொண்டே போவோம். நல்ல கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும். உள்ளே கம்பி துருப்பிடித்து, மேலே இருக்கும் கான்கிரீட் பிரிந்து நின்றால், விரிசல் விட்ட பானையைத் தட்டியதுபோல 'டொப்' என்று கேட்கும். அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்வோம். வேடிக்கை பார்க்க நிற்பவர்களில் ஒருவர் கட்டாயம் கேட்பார்: "சார், இது விழுந்துடுமா?"

அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு அமெரிக்காவின் சியாட்டில் நகரம்தான் நினைவுக்கு வரும். ஒரு நகரமே பதினெட்டு வருஷம் அதே கேள்வியோடு வாழ்ந்தது.

அங்கே கடலோரமாக 'அலாஸ்கன் வே' என்ற இரண்டடுக்கு மேம்பாலச் சாலை இருந்தது. 1953 ஏப்ரலில் திறந்தார்கள். மேல் அடுக்கில் வடக்கே போகும் வண்டிகள், கீழ் அடுக்கில் தெற்கே போகும் வண்டிகள். ஒரு நாளைக்குச் சுமார் 1,10,000 வண்டிகள் ஓடின. மேல் அடுக்கில் போகும்போது எலியட் வளைகுடா முழுவதும் கண்முன் விரியும். கடல் தெரியும் வீடு வாங்க வசதியில்லாதவருக்கும் பஸ் டிக்கெட் விலையில் அந்தக் காட்சி கிடைத்தது. பாலத்தை இடிக்கக் கூடாது என்று சொன்னவர்களுக்கு இதுவும் ஒரு காரணம். அதை அற்பம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் பாலம் நின்ற மண் நல்ல மண் இல்லை. கடலோரத்தைத் தூர்த்து உண்டாக்கிய நிலம் அது. பூகம்பத்தில் குலுங்கினால் அப்படிப்பட்ட ஈர மண் சேறுபோல இளகிவிடும். மண்ணைப் பிடித்து வைத்திருந்த கடற்சுவருக்கு அடியில் மரக் கட்டமைப்பு. அதைக் கடலில் வாழும் சிறு பூச்சிகள் வருஷக்கணக்காக அரித்துக்கொண்டிருந்தன.

1989 அக்டோபரில் கலிபோர்னியாவில் பூகம்பம் வந்தது. ஓக்லண்டில் இதேபோன்ற இரண்டடுக்குச் சாலையின் மேல் அடுக்கு கீழ் அடுக்கின் மீது விழுந்து 42 பேர் இறந்தார்கள். சியாட்டில் பொறியாளர்களின் கவலை அப்போதே ஆரம்பித்தது. 2001 பிப்ரவரி 28 அன்று 6.8 அளவுள்ள பூகம்பம் சியாட்டிலையே உலுக்கியது. பாலம் விழவில்லை. ஆனால் விரிசல் விட்டது, தூண்கள் இறங்கத் தொடங்கின. தற்காலிகமாகப் பழுது பார்த்துத் திரும்பவும் திறந்தார்கள்.

அப்புறம் தொடங்கியது விவாதம். புதிய மேம்பாலம் வேண்டும் என்றார்கள் சிலர். சுரங்கப்பாதை வேண்டும் என்றார்கள் வேறு சிலர். நெடுஞ்சாலையே வேண்டாம், தரைமட்டச் சாலையும் கூடுதல் பஸ்களும் போதும் என்று வாதிட்டவர்களும் உண்டு. 2007 மார்ச்சில் மக்களிடம் இரண்டு கேள்விகள் வைத்தார்கள். சுரங்கப்பாதையை 70 சதவீதம் பேரும் புதிய மேம்பாலத்தை 57 சதவீதம் பேரும் நிராகரித்தார்கள். ஆக, இரண்டும் வேண்டாம்! பழைய பாலமோ அதே மண்ணில் நின்றுகொண்டுதான் இருந்தது.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கவனிக்காமல் விடுவது இந்த இடைக்காலத்தைத்தான். என்ன கட்டுவது என்று சண்டை நடந்துகொண்டிருக்க, பரிசோதனைக்குழு வேலையை நிறுத்தவில்லை. வருஷத்துக்கு இரண்டு முறை வார இறுதியில் பாலத்தை மூடி ஒவ்வொரு விரிசலையும் அளந்தார்கள். 2008-ல் அதிகம் இறங்கிய தூண்களின் அஸ்திவாரத்தைப் பலப்படுத்தினார்கள். நில அதிர்வு வந்தால் தானாகவே பாலத்தை மூடும் தடுப்புக் கதவுகள் வைத்தார்கள். தெற்குப் பகுதியை மட்டும் 2011-லேயே இடித்து, மாற்றுச் சாலைக்கு வழி செய்தார்கள். யாரும் ரிப்பன் வெட்டித் திறந்துவைக்காத வேலைகள்தான் இவை. என்னைக் கேட்டால், அந்தப் பாலத்தின் கதையில் பெருமைப்பட வேண்டியதே இவைதான்.

2009 ஜனவரியில் மாநில ஆளுநர் கிறிஸ்டின் கிரெகோயரும் மேயர் கிரெக் நிக்கல்ஸும் சேர்ந்து, நகரத்துக்கு அடியில் ஆழமான சுரங்கம் தோண்டுவது என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு அடங்கவில்லை. அந்த வருஷமே மேயர் தேர்தலில் சுரங்கத்தை எதிர்த்த மைக் மெக்கின் ஜெயித்தார். 2011 ஆகஸ்டில் மறுபடி வாக்கெடுப்பு நடந்தது. இந்த முறை மக்கள் சுரங்கத்தின் பக்கம் நின்றார்கள்.

சுரங்கம் தோண்ட வந்த இயந்திரத்துக்குப் பெயர் 'பெர்த்தா'. 17.5 மீட்டர் குறுக்களவு, அன்றைக்கு உலகிலேயே பெரியது. 2013 ஜூலையில் கிளம்பி, ஆயிரம் அடி போனதும் டிசம்பரில் நின்றுவிட்டது. வழியில் ஒரு எஃகுக் குழாய் சிக்கியிருந்தது. எட்டு அங்குல அகலம், 119 அடி நீளம். 2002-ல் இதே திட்டத்துக்காக நிலத்தடி நீரை ஆராய இறக்கி, அங்கேயே விட்ட குழாய் அது. இயந்திரம் பழுதானதற்கு அந்தக் குழாய்தான் காரணம் என்றது ஒப்பந்த நிறுவனம். குழாய் இருப்பது ஒப்பந்த ஆவணத்திலேயே இருக்கிறது என்றது அரசு. வழக்கு நடந்து, 2019 டிசம்பரில் ஜூரி அரசின் பக்கம் நின்று, ஒப்பந்த நிறுவனம் அரசுக்குச் சுமார் 5.7 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று சொன்னது.

பெர்த்தாவைச் சரிசெய்ய 120 அடி ஆழத்தில் பள்ளம் தோண்டினார்கள். அதற்காக நிலத்தடி நீரை இறைத்தபோது பழைய மேம்பாலம் இன்னும் ஒரு அங்குலத்துக்கு மேல் இறங்கியது அளவீடுகளில் தெரிந்தது. மேலே வண்டிகள் ஓடிக்கொண்டேதான் இருந்தன. அந்த அளவுக்கருவிகள் அங்கே இல்லாமலிருந்தால் அந்த ஒரு அங்குலம் யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு இயந்திரம் மறுபடி ஓடி, 2017 ஏப்ரலில் மறுமுனையை எட்டியது. 2019 ஜனவரி 11 அன்று பழைய பாலத்தை நிரந்தரமாக மூடினார்கள். சுரங்கம் திறந்தது பிப்ரவரி 4-ல்தான். இடையில் மூன்று வாரம் இரண்டுமே இல்லை. நகரம் ஸ்தம்பித்துவிடும் என்று பயந்தார்கள். நேரத்தை மாற்றிப் போனார்கள், பஸ்ஸிலும் படகிலும் போனார்கள், சிலர் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்கள். பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை. 'இதை மூடினால் ஊரே நின்றுவிடும்' என்று ஒரு பாலத்தைப் பற்றி யாராவது அடித்துச் சொன்னால், இந்த மூன்று வாரத்தைத்தான் நான் எடுத்துச் சொல்வேன்.

உங்கள் ஊரிலும் பழைய மேம்பாலத்தைப் பற்றிப் பேச்சு எழலாம். மேலேயா, கீழேயா, எத்தனை கோடி என்றெல்லாம் கூட்டம் நடக்கும். போய்க் கலந்துகொள்ளுங்கள். ஆனால் புதியதன் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பழையதன் கணக்கைக் கேளுங்கள்: கடைசியாக எப்போது சோதித்தீர்கள்? எந்தத் தூண் எவ்வளவு இறங்கியிருக்கிறது? போன வருஷம் எவ்வளவு? எந்த அளவைத் தொட்டால் பாலத்தை மூடுவீர்கள், அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? பதிலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.