விரல் ஒரு வாரம், உதடு ஒரு வருடம்: டிரம் கோருக்காகக் கருவி மாறும் பிள்ளைகளுக்கு

ஒவ்வொரு ஆகஸ்டிலும் இண்டியானாபொலிஸ் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில் டிரம் கோர் (மைதானத்தில் அணிவகுத்து நடந்தபடியே வாசிக்கும் இளைஞர் இசைக்குழு) இறுதிப்போட்டி முடிந்த கையோடு எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். டாலஸுக்கு வடக்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு டிரம்பெட், அதைவிடப் பெரிய பாரிடோன் முதலான பிராஸ் கருவிகள் (உலோக ஊதுகருவிகள்) சொல்லிக்கொடுப்பது என் தொழில். கூப்பிடுகிறவர்களில் நம் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. "சார், பொண்ணு ஆறு வருஷமா கிளாரினெட் வாசிக்கிறா. அடுத்த வருஷம் டிரம் கோர் சேரணுமாம். ஆனா அதுல கிளாரினெட்டே கிடையாதாமே?"

ஆமாம், கிடையாது. பள்ளி மார்ச்சிங் பேண்டில் புல்லாங்குழல், கிளாரினெட், சாக்ஸபோன் எல்லாம் நடக்கும். டிரம் கோரில் பிராஸ், தாளக் கருவிகள், கொடி சுழற்றி ஆடும் கலர் கார்ட் ஆகிய மூன்றுக்குத்தான் இடம். முதல் உலகப் போருக்குப் பின் முன்னாள் படைவீரர் சங்கங்கள் வளர்த்த பியூகிள் (ராணுவ ஊதுகொம்பு) குழுக்களிலிருந்து வந்த மரபு இது. 1972-இல் விஸ்கான்சினின் வைட்வாட்டர் ஊரில் டிசிஐ (இந்தப் போட்டிகளை நடத்தும் டிரம் கோர்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பு) முதல் சாம்பியன்ஷிப் நடத்தியபோது வெறும் ஜி சுருதி பியூகிள்கள்தான். அப்புறம் விதிகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 2000-இல் மற்ற சுருதிக் கருவிகள் வந்தன, 2004-இல் மைக், 2009-இல் சிந்தசைசர், 2014-இல் டிரம்போன். புல்லாங்குழலுக்கும், ரீட் எனும் மெல்லிய நாணல் தகடு வைத்து ஊதும் கிளாரினெட், சாக்ஸபோன் போன்ற கருவிகளுக்கும் கதவு திறக்கவில்லை. அதனால்தான் ஆசைப்படும் பிள்ளைகள் கருவி மாறுகிறார்கள். மாறுவது முடியாத காரியமில்லை, என் மாணவர்களே மாறியிருக்கிறார்கள். எனக்குப் பயமெல்லாம் அவசரத்தைப் பற்றித்தான்.

பல வருடம் வாசித்த பிள்ளைக்கு நோட்ஸ் படிக்க வரும், தாளம் பிசகாது, விரல் ஓடும். பிராஸில் மூன்றே வால்வுதான். ஒரு வாரத்தில் ஸ்கேல் வாசித்துக் காட்டிவிடுவார்கள். வீட்டில் கேட்கிறவர்களுக்கு "அட, வந்துடுச்சே" என்று தோன்றும். வந்தது விரல் மட்டும்தான். கிளாரினெட்டில் அதிர்வது ரீட், உதடு அதைப் பிடித்துக்கொள்கிறது. பிராஸில் ரீட் என்று தனியாக ஒன்று இல்லை, உதடேதான் அதிர வேண்டும். ஒரே வால்வை அழுத்திக்கொண்டு ஐந்தாறு ஸ்வரம் வாசிக்கலாம். எது ஒலிக்கும் என்பதை உதட்டின் இறுக்கமும் காற்றும் தீர்மானிக்கின்றன. வாயைச் சுற்றியுள்ள வட்டத் தசைக்கு அந்த வலு மெதுவாகத்தான் ஏறும்.

வலு இல்லாத உதடு குறுக்குவழி தேடும். மேல் ஸ்வரம் வரவில்லையென்றால் பிள்ளை மௌத்பீஸை (உதடு வைத்து ஊதும் முனையை) உதட்டின் மேல் பல்லோடு சேர்த்து அழுத்தும். ஸ்வரமும் வந்துவிடும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

மூன்று வருடம் முன்பு ஒரு மாணவி செப்டம்பரில் மெல்லபோன் என்ற பிராஸ் கருவியைக் கையில் எடுத்தாள். நவம்பரில் கோர் ஆடிஷன். அதே பருவத்தில் பள்ளி மாணவர்களுக்கான ஆல்-ரீஜன் (வட்டார அளவிலான இசைக்குழு) கிளாரினெட் ஆடிஷனும் இருந்தது. இந்த இரண்டும் டெக்சஸில் மோதிக்கொள்வது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. என்னிடம் ஐந்தாவது பாடத்தின்போது அவள் கருவியை இறக்கியதும் மேல் உதட்டில் மௌத்பீஸின் வட்டம் கருஞ்சிவப்பாகப் பதிந்திருந்தது. உள்பக்கம் பார்த்தேன், பல் பட்ட இடம் வெள்ளையாகத் தடித்திருந்தது. "வலிக்குதாம்மா?" என்றேன். "வலிக்கல அங்கிள், மரத்துப்போன மாதிரி இருக்கு." தினமும் இரண்டு மணி நேரம் விடாமல் வாசித்திருக்கிறாள். எவ்வளவு நேரம் வாசிக்கிறாய் என்று முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அந்த வாரம் கிளாரினெட்டிலும் கீச்சுக் கீச்சென்று சத்தம் பிசிறியது. இரண்டு வாரம் இரண்டு கருவியையும் மூடி வைத்தோம். கோர் ஆடிஷன் போனது. அடுத்த வருடம் பொறுமையாக ஏறி வந்து, ஓப்பன் கிளாஸ் (டிசிஐயின் இரண்டாம் நிலைப் பிரிவு) கோர் ஒன்றில் பாரிடோன் வாசித்தாள்.

மரத்துப்போவது வலியைவிட மோசமான அறிகுறி என்று எடுத்துக்கொள்ளுங்கள். வாசித்த பிறகு சிவப்பு வட்டம் தெரிந்து சிறிது நேரத்தில் மறைந்தால் கவலையில்லை. மறுநாள் காலையிலும் தடம், வீக்கம், உணர்ச்சிக் குறைவு இருந்தால் கருவியைத் தொடவே கூடாது. இரண்டு மூன்று நாளில் சரியாகவில்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள், வாத்தியம் வாசிப்பவர்களைப் பார்த்துப் பழகியவராக இருந்தால் நல்லது. உதட்டுத் தசை கிழிவதற்கு டிரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கின் செல்லப்பெயரை வைத்து சாட்ச்மோ சிண்ட்ரோம் என்றே பெயர் உண்டு. அது அரிதுதான். ஆனால் அந்த மாமேதையின் உதடே தாங்கவில்லை என்றால் பதினாறு வயது உதட்டைப் பற்றி யோசிக்க வேண்டாமா?

நான் இப்போது கொடுக்கும் திட்டம் எளிமையானது. முதல் இரண்டு மாதம் பத்து நிமிடம் வாசிப்பு, பத்து நிமிடம் ஓய்வு, ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, அவ்வளவுதான். எதிரே கண்ணாடி இருக்க வேண்டும். வாயின் ஓரங்கள் இறுகி, நடு உதடு தளர்வாக இருக்கிறதா என்று பிள்ளையே பார்த்துக்கொள்ளட்டும். மேல் ஸ்வரத்துக்கு அவசரமே வேண்டாம். பல்லில் கிளிப் போட்டிருந்தால் ஆர்த்தோடாண்டிஸ்ட்டிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கம்பியின் மேல் வைக்க மெழுகு தருவார்.

எந்தக் கருவிக்கு மாறுவது? டிரம்பெட் பளபளப்பாகத் தெரியும், ஆனால் சிறிய மௌத்பீஸும் உயர்ந்த ஸ்வரங்களும் புது உதட்டுக்குக் கடினம். பாரிடோன், யூஃபோனியம் இரண்டும் அகலமான மௌத்பீஸ் என்பதால் மன்னிக்கும் குணம் கொண்டவை. டெனர் சாக்ஸ் பிள்ளைக்கு இன்னொரு வசதியும் உண்டு, ட்ரெபிள் கிளெஃபில் (உயர் ஸ்வரங்களுக்கான நோட்ஸ் குறியீட்டில்) எழுதிய பாரிடோன் நோட்ஸை மனதில் எதையும் மாற்றிக்கொள்ளாமல் அப்படியே படிக்கலாம். பாசூன்காரர்களுக்கு, தாழ்ந்த ஸ்வரங்களுக்கான பாஸ் கிளெஃப் ஏற்கெனவே பழக்கம். புல்லாங்குழல் பிள்ளைகளைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். நாக்கு ரீடைத் தொடாமல் மேல்பல்லுக்குப் பின்னால் தட்டுவது பிராஸிலும் அப்படியேதான், டபுள் டங்கிங் (நாக்கால் வேகமாக இரட்டையாகத் தட்டுவது) வரை கைவசம் இருக்கும். ஓபோ வாசித்தவர்கள்தான் முதலில் திணறுவார்கள். அங்கே காற்று மிச்சமாகி வெளியே விட வேண்டியிருக்கும், இங்கே காற்றே போதாது.

உதட்டோடு உடம்பையும் பாருங்கள். மே மாதக் கடைசியில் பயிற்சி முகாம் தொடங்கினால் வெயிலில் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம், இரவில் ஜிம் தரையில் படுக்கை, இடையிடையே பஸ் பயணம். சாக்ஸபோன் கழுத்துப்பட்டியில் தொங்கும். இங்கே கருவியை முகத்துக்கு நேராக உயர்த்தியே பிடிக்க வேண்டும், தோளில் ஏறும் டியூபா பத்துக் கிலோவைத் தாண்டும். அப்புறம் காது. 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பாதி நேரம் என்பது அமெரிக்கத் தொழில் நல ஆய்வு நிறுவனமான நையாஷின் அளவுகோல். டிரம் வரிசைக்குப் பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கு அந்தக் கணக்கு சீக்கிரம் தீர்ந்துவிடும். இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பானை முதல் முகாமுக்கே வாங்கிக் கொடுங்கள்.

கீபோர்டும் வாசிக்கும் பிள்ளையென்றால் உதட்டை விட்டுவிட்டு மைதானத்தின் முன்வரிசையில் மரிம்பாவுக்கோ (மரக்கட்டைகளைக் கோலால் தட்டும் கருவி) சிந்தசைசருக்கோ முயலலாம். அங்கும் போட்டி கடுமை, ஆனால் கை ஏற்கெனவே பழகியிருக்கும்.

இந்த ஆகஸ்டில் இறுதிப்போட்டி பார்த்துவிட்டு எனக்கு போன் செய்பவர்களிடம் முதலில் ஒன்று கேட்பேன்: எந்த வருட ஆடிஷன்? இந்த நவம்பர் என்றால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அடுத்த நவம்பர் என்றால் இந்த வாரமே ஆரம்பிக்கலாம். வாடகைக்கு ஒரு பாரிடோன், ஒரு கண்ணாடி, பத்து நிமிடம் போதும். கிளாரினெட்டைப் பெட்டியில் போட்டுவிட வேண்டாம். பள்ளி பேண்டில் உங்கள் பிள்ளையின் நாற்காலி இன்னும் கிளாரினெட் வரிசையில்தான் இருக்கிறது.