தெர்வார்: மண்வாசனை அல்ல, நிலவாகு

பிரெஞ்சுக்காரர் வைனைப் பற்றிக் கதைத்தால் மூச்சுக்கு மூச்சு வரும் சொல் தெர்வார். கொழும்பில் ஹோட்டல் முகாமைத்துவம் படிப்போருக்குத் தமிழில் குறிப்புத் தயாரிப்பவர்களும், ஞாயிறு இதழ்களில் சுற்றுலாப் பக்கம் நிரப்புகிறவர்களும் சொல்லி வைத்தாற்போல அதற்கு எழுதுவது ‘மண்வாசனை’. ‘இந்த வைனில் பர்கண்டியின் மண்வாசனை கமழ்கிறது’ என்ற வசனம் எத்தனை தடவை வந்துவிட்டது! கிராமியக் கதைத் தொகுப்பொன்றின் பின்னட்டைக்கு அது பொருந்தும். வைன் தெரிந்த ஒருவர் அதைச் சொல்லுக்குச் சொல் நம்பினால் போத்தலைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

முதலில் உச்சரிப்பு. டெரொயர், டெராய்ர், டெர்வா என்று கண்டபடி எழுதுகிறார்கள். பிரெஞ்சில் அந்த முதல் ஒலி நாக்கு நுனி பல்லைத் தொட்டுப் பிறப்பது, நம் தகரமேதான். ஆங்கிலத்தின் வழியாகக் கேட்டவர்கள் டகரத்தை ஒட்டிவிட்டார்கள். வேர், லத்தீனில் நிலத்தைக் குறிக்கும் ‘தெர்ரா’. பொருளும் நேரானது: ஒரு குறிப்பிட்ட நிலத்துண்டின் மண், அடிப்பாறை, சரிவு, அது பார்க்கும் திசை, உயரம், வடிகால், வெயில், காற்று, மழை, இரவுக்கும் பகலுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம், இவற்றோடு அங்கே வழிவழியாகப் பழகிவந்த பயிர்செய்கை முறை. இத்தனையும் சேர்ந்து கொடியில் செய்யும் வேலைக்குப் பெயர்தான் தெர்வார்.

மண்வாசனைக்காரர்களுக்கு ஒரு நியாயம் மட்டும் உண்டு. முன்னொரு காலத்தில் பிரெஞ்சிலேயே ‘தெர்வார் சுவை’ என்பது வசைச்சொல். நாட்டுப்புறத்து முரட்டு வைனில் மண் அடிக்கிறது என்று நகரத்தார் முகம் சுளித்துச் சொன்னது. பிறகுதான் சொல் தலைகீழாகத் திரும்பிப் பெருமைக்குரியதாயிற்று. 1935இல் பிரான்ஸ் வைனின் பிறப்பிடப் பெயர்களுக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தபோது அந்தப் பெருமைக்கு முத்திரையும் விழுந்தது. அதாவது, நம் மொழிபெயர்ப்பாளர்கள் வழக்கொழிந்த பொருளைத் தெரியாமலே சரியாக மொழிபெயர்த்திருக்கிறார்கள்.

இனி அந்தப் போத்தல் ஏன் திரும்பிப் போகும் என்பது. முதல் மழை விழுந்ததும் எழும் வாசனையில் பெரும்பங்கு ஜியோஸ்மின் என்ற பொருளுக்குரியது. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. பீட்ரூட்டை வெட்டும்போது வரும் மண் வாடையும் இதுவே. மனித மூக்கு இதற்குப் பொல்லாத கூர்மை உடையது. ஒரு லீற்றர் வைனில் 100 நனோகிராம் இருந்தாலே பிடித்துவிடும். வைனுக்குள் இது வரும் வழி அழுகல். பழக்குலையில் முதலில் பொட்ரைட்டிஸ் என்ற சாம்பல் பூஞ்சணம் பிடிக்கிறது. அது திறந்துவிட்ட தோலின் வழியாகப் பெனிசிலியம் பூஞ்சணம் நுழைகிறது. குலைகளைத் தரம் பிரிக்காமல் அப்படியே பிழிந்தால் வைனில் பழவாசம் அமுங்கி, ஈரமண்ணும் பீட்ரூட்டும் மேலே வரும். வைன் தொழிலில் இது குறை. ஆகவே ‘மண்வாசனை தூக்கலான வைன்’ என்று எழுதுகிறவர், தன்னை அறியாமல், அழுகின பழத்தில் செய்த வைன் என்று எழுதுகிறார்.

இதைவிடப் பெரிய தவறு அந்தச் சொல் ஊட்டும் நம்பிக்கையில் இருக்கிறது. மண்வாசனை என்றால் மண்ணின் மணம் வேர்வழியாக ஏறிப் பழத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடும் என்றாகிறது. பிரான்ஸின் ஷாப்லி என்ற வைன் ஊரின் சரிவுகளில் ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முந்திய சிறு சிப்பிகள் கல்லாகிக் கிடக்கின்றன. அதனால் ஷாப்லி வைனில் சிப்பி மணக்கிறது என்று எழுதிவிடுகிறார்கள். அந்தக் கல் வெறும் கல்சியம் காபனேற்று. அதற்கு மணமும் இல்லை, வேருக்கு அதை விழுங்கும் வாயும் இல்லை. வேர் எடுப்பது நீரையும் அதில் கரைந்த உப்புகளையும்தான். பழத்தின் மணங்களைக் கொடி தானே செய்துகொள்கிறது. மற்றது நொதிப்பில் பிறக்கிறது.

அப்படியானால் மண் செய்வது என்ன? தண்ணீரையும் சூட்டையும் ஆள்கிறது. பிரான்ஸின் போர்தோ வைன் வட்டாரத்தில் ஆற்றின் இடக்கரையில் பருக்கைக் கல் கலந்த மண்: மழை நீர் வடிந்துவிடும், கல் வெயிலைப் பிடித்து வைக்கும், பிந்திப் பழுக்கும் கபெர்னே சொவின்யோன் என்ற பழவகைக்கு அந்தச் சூடு தேவை. வலக்கரையில் பொமெரோலின் களி குளிர்ந்தது, ஈரம் காப்பது. முந்திப் பழுக்கும் மெர்லோவுக்கு அது போதும். ஜேர்மனியின் மோசெல் 50 பாகை வட அகலக்கோட்டில் கிடக்கிறது, வைன் கொடிக்கு அது கிட்டத்தட்ட எல்லை. அங்கே தெற்குப் பார்த்த செங்குத்துச் சரிவும் பகல் சூட்டை வாங்கி இரவில் விடும் சிலேட்டுக் கல்லும் இல்லாவிட்டால் ரீஸ்லிங் பழுக்காது. இதில் ஒன்றும் வாசனைக் கணக்கு அல்ல.

யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு இன்னும் கிட்டவாகச் சொல்லலாம். அவுஸ்திரேலியாவின் கூனவாரா ஏறத்தாழ 15 கிலோமீற்றர் நீளமான ஒடுங்கிய துண்டு. அதன் புகழெல்லாம் சுண்ணக்கல்லின் மேல் படிந்த சிவப்பு மண். கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்பாட்டு மண்ணும் சுண்ணக்கல்லின் மேல் படிந்த சிவப்பு மண்தானே? அங்கேயும் முந்திரிகைப் பந்தல் உண்டு. (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: எங்கள் முந்திரிகை உங்கள் திராட்சை, உங்கள் முந்திரி எங்களுக்கு மரமுந்திரிகை.) மண்தான் எல்லாம் என்றால் உரும்பிராய் வைன் உலகச் சந்தையில் இருக்கவேண்டும். கூனவாரா 37 பாகை தெற்கில், தென்கடலின் குளிர்காற்றுக்குக் கிட்ட இருக்கிறது. கொடி குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கி, வசந்தத்தில் ஒரே சீராகத் துளிர்க்கிறது. யாழ்ப்பாணம் 10 பாகைக்கும் கீழே. கொடிக்கு உறக்கம் இல்லை. கவாத்து வெட்டித்தான் துளிர்க்க வைக்கவேண்டும். இரவும் வெக்கை என்பதால் பழத்திலுள்ள மலிக் அமிலம் பழுக்கும்போதே எரிந்து போகிறது. சாப்பிட இனிப்பான பழம் வரும், வைனுக்கு வேண்டிய புளிப்பு நிற்காது. மண் ஒரே சாதி, தெர்வார் வேறு.

‘மண்வளம்’ என்று போடுகிறவர்களும் உண்டு. அது நேர்மாறு. கொழுத்த மண்ணில் கொடி இலையும் தண்டுமாகச் செழித்து, பழம் நிழலில் கிடந்து நீர்த்துப் போகும். பேர்போன தோட்டங்கள் அனேகமாக நெல்லோ கோதுமையோ விளையாத மெலிந்த நிலங்கள்.

‘திணை’ கொஞ்சம் கனமான போட்டியாளர், அதைச் சும்மா தள்ளிவிட முடியாது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்கிறது. மண்ணோடு காலத்தையும் கணக்கில் எடுத்த அந்தப் பார்வை தெர்வாருக்கு மிக நெருக்கம். அது எவ்வளவு உண்மை என்பதற்கு எங்கள் மலையகமே சாட்சி. ஆடி, ஆவணியில் தென்மேற்குப் பருவக்காற்று திம்புள்ளப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மலை தாண்டி ஊவாவில் வறண்ட கச்சான் காற்றாக இறங்கும். தேயிலைத் தளிர் மெல்ல வளரும், மணம் செறியும். ஊவாவின் நல்ல பருவம் யூலை முதல் செப்டெம்பர் வரை. சனவரி முதல் மார்ச் வரை நிலைமை மாறி, திம்புள்ளவின் முறை வரும். சரியான பருவத்தில் பறித்த இரண்டையும் ஒரே தரத்தில், பி.ஓ.பி. என்றால் இரண்டும் பி.ஓ.பி., வாங்குங்கள். 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம், 6 நிமிடம், பால் சீனி வேண்டாம். ஊவாவில் ஒருவகைத் தைல நெடி மூக்கில் ஏறும். திம்புள்ள அதைக் காட்டாது. வரியோடு சேர்த்து வைன் விலை கையைச் சுடும் ஊரில் தெர்வாரை விளங்கிக்கொள்ள மலிவான வழி இது.

ஆனாலும் திணை வேண்டாம். திணை நிலத்தை ஐந்தாக வகுப்பது. குறிஞ்சி என்றால் எந்த மலையும் குறிஞ்சி. தெர்வாரோ ஒரே மலைச்சரிவில் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேறு என்று சொல்ல வந்த சொல். போதாததற்குத் திணை என்றதும் தலைவன், தலைவி, பிரிவு, ஊடல் எல்லாம் கூடவே வந்து நிற்கும். அவ்வளவு பேருக்கு ஒரு கிளாஸில் இடமில்லை.

நான் எழுதுவது நிலவாகு. உடல்வாகு எல்லாருக்கும் தெரிந்த சொல். ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டாலும் ஒருவர் பெருப்பார், மற்றவர் பெருக்கமாட்டார். ‘அது அவரின்ட உடல்வாகு’ என்று விடுவோம். எலும்பு, சதை, பிறப்பு, பழக்கம் எல்லாம் அதில் அடக்கம். எந்த ஒன்றையும் தனியே பிரித்துக் காட்டமுடியாது. நிலத்துக்கும் அதுவே. நாற்றத்தையும் சுவையையும் அது முன்கூட்டிச் சொல்லிவிடுவதில்லை, காரணத்தை மட்டும் சொல்கிறது. ‘இந்த வைனில் நிலவாகு வீசுகிறது’ என்று யாராலும் எழுதமுடியாது என்பதே அந்தச் சொல்லின் பெரிய நன்மை. ‘நிலவாகு தெரிகிறது’ என்றுதான் எழுதவேண்டி வரும்.

இதே மொழிபெயர்ப்பாளர்கள் பிரான்ஸின் பர்கண்டி வட்டாரத்துக்குப் போனால் இன்னொரு குழியில் விழுகிறார்கள். அங்கே ‘கிளிமா’ என்பது எல்லை குறித்துப் பெயரிட்ட தோட்டத்துண்டு. 2015இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றது அப்படியான 1,247 துண்டுகளை. தமிழில் ‘பர்கண்டியின் காலநிலைகள்’ என்று எழுதிவிட்டார்கள். ஆயிரத்து இருநூறு காலநிலை ஓர் ஊரில் எப்படி இருக்கும் என்று யோசிக்கவில்லை. யாழ்ப்பாணத்துக் காணி உறுதியைக் கையில் எடுத்தவருக்கு இதில் மயக்கமே வராது: ‘கலட்டி என்னும் பெயருடைய காணி’ என்று ஒவ்வொரு துண்டுக்கும் பெயரும் பரப்புக் கணக்கும் எல்லையும் இருக்கும். கிளிமா என்பது பெயர்க்காணி. ரொமானே கொந்தி என்ற பெயர்க்காணி 1.8 ஹெக்டேயர், எங்கள் கணக்கில் 70 பரப்புச் சொச்சம். மதில் சூழ்ந்த குலோ த வூஜோவோ ஏறத்தாழ 50 ஹெக்டேயர், பல உரிமையாளர்களிடம் பிரிந்து கிடக்கிறது. மேற்புறம் வடிகால் உள்ள சுண்ணக்கல், வீதியோரம் கனத்த களி. லேபிளில் பெயர் ஒன்று, நிலவாகு இரண்டு மூன்று.

அகராதியைத் திறந்து முதல் பொருளை எடுப்பதால் வரும் வினை இது. வைன் ஸ்டோர்ஸ் என்று பலகை மாட்டிச் சாராயம் விற்கும் ஊரில் சொல் பற்றி அதிகம் எதிர்பார்க்கக்கூடாதுதான். என்றாலும் ‘உலர்ந்த வைன்’ என்றால் என்ன, பவுடரா? சீனி மிஞ்சாத வைன் அது. ஐரோப்பிய விதிப்படி பொதுவாக லீற்றருக்கு 4 கிராமுக்கு மேல் இல்லை. இனிப்பற்ற வைன் என்று எழுதலாமே. ‘முழு உடல் கொண்ட வைன்’ என்பதற்குக் கனத்த வைன் போதும். ‘டானின் தன்மை’ என்று தடுமாறும் இடத்தில், அறுசுவையில் ஒன்றாகவே துவர்ப்பை வைத்திருக்கும் மொழி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது.

எல்லாவற்றிலும் மோசமானது ‘சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் பரிமாறவும்’. அந்த அறை ஐரோப்பாவின் பழைய கல்வீட்டு அறை, 16 முதல் 18 பாகை. கொழும்பு அறை 30 பாகை. அந்தச் சூட்டில் அற்ககோல் ஆவி முதலில் மூக்கைக் குத்தும், பழவாசம் பின்னால் ஒளிந்துகொள்ளும், எந்த நிலவாகும் தெரியாது. பிரிட்ஜில் ஒன்றரை மணித்தியாலம் அளவில் வைக்கவேண்டும். அவசரமென்றால் வாளியில் ஐஸோடு தண்ணீரும் விட்டுப் போத்தலைக் கழுத்துவரை அமிழ்த்தினால் 10 நிமிடம். வெறும் ஐஸ்கட்டி போத்தலை அங்கங்கேதான் தொடும், நேரம் இழுக்கும். மறந்துபோய்க் கூடுதலாகக் குளிர்ந்துவிட்டால் துவர்ப்புத் தூக்கி நாக்கு வறளும். அப்போது கிளாஸின் கிண்ணப் பகுதியை உள்ளங்கையால் பொத்திப் பிடித்துக் கொஞ்ச நேரம் சுழற்றிக்கொண்டிருந்தால் சரிவரும்.