உலகக் கூட்டாட்சி: சொல் விளக்கம்

ஃபெடரேஷன் என்பதற்குத் தமிழ்நாட்டில் நாம் எழுதும் சொல் கூட்டாட்சி. இதைப் பலர் கூட்டணி ஆட்சியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். பல கட்சிகள் சேர்ந்து அமைச்சரவை அமைத்தால் அது கூட்டணி ஆட்சி. பல அரசுகள் தம் அதிகாரத்தில் ஒரு பங்கைப் பொது அரசிடம் ஒப்படைத்துவிட்டு, மிச்சத்தைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டால்தான் கூட்டாட்சி.

இதன் வேர் ஃபோய்டுஸ் என்ற லத்தீன் சொல். உடன்படிக்கை என்று பொருள். இலங்கைத் தமிழர் நெடுங்காலமாகச் சமஷ்டி என்று எழுதிவருகிறார்கள். அது வடமொழி; தனித்தனியாக நிற்பதைக் குறிக்கும் வியஷ்டிக்கு எதிர்ச்சொல். முழுத் தொகுதி என்ற பொருள் அதில் உண்டு, உடன்படிக்கை இல்லை. மலேசியாவில் கூட்டரசு என்பார்கள். எனக்குக் கூட்டாட்சியே பிடித்திருக்கிறது: கூடுகிறவர்கள் கரைந்துபோவதில்லை என்பது அதில் தெரிகிறது.

காவிரி டெல்டாவில் இதை விளக்குவது எளிது. நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறது: கோரையாறு, பாமணியாறு, சிறிய வெண்ணாறு. எந்த ஷட்டரை எவ்வளவு தூக்குகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் கடைமடைக்குத் தண்ணீர். முறை தவறினால் மூன்று பாசனத்தாரும் போய் முறையிடப் பொதுவான அலுவலகம் உண்டு. மாநில எல்லையைத் தாண்டினால் வழக்கு நீளும். 1924 ஒப்பந்தம், 1990-ல் நடுவர் மன்றம், 2007-ல் இறுதித் தீர்ப்பு, 2018-ல் கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. தமிழ்நாட்டுக்கு விட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது, அதே ஆண்டு காவிரி மேலாண்மை ஆணையம். இத்தனை தாமதத்துக்குப் பிறகும் ஆணையிட ஒரு மன்றம் இருக்கிறது. கர்நாடகம் ஒப்புக்கொண்டால்தான் வழக்கை எடுப்போம் என்று உச்ச நீதிமன்றம் சொல்வதில்லை.

நாடுகளுக்கிடையே நிலைமை அப்படி இல்லை. இரு தரப்பும் ஏதாவது ஒரு வகையில் இசைவு தந்திருந்தால்தான் ஹேக்கில் உள்ள பன்னாட்டு நீதிமன்றம் விசாரிக்க முடியும். இந்தக் குறையைத் தீர்க்க எழுந்ததே உலகக் கூட்டாட்சிக் கொள்கை. 1947-ல் சுவிட்சர்லாந்தின் மொந்த்ரோ நகரில் கூடியவர்கள், உலகச் சட்டம் அரசுகளோடு நின்றுவிடாமல் தனிமனிதரையும் நேரடியாகக் கட்ட வேண்டும் என்று அறிவித்தார்கள். பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் அந்த எண்ணத்துக்கு நெருங்கி வந்த ஒன்று. 1998-ல் ரோமில் ஒப்பந்தமாகி 2002-ல் நடைமுறைக்கு வந்தது.

உலக அரசு என்று இதை மொழிபெயர்ப்பது தவறு. அந்தச் சொல்லைக் கேட்டதும் எல்லாரையும் ஒரே தலைநகர் ஆளப்போகிறது என்ற அச்சம் வருகிறது. கூட்டாட்சியில் தஞ்சாவூர் வாய்க்காலைத் தஞ்சாவூரே பார்த்துக்கொள்ளும். போர், பருவநிலை, கடல் போன்றவை மட்டும் பொதுவுக்குப் போகும்.

ஜனநாயகம் இங்கேதான் வருகிறது. ஐ.நா. சாசனம் 'மக்களாகிய நாம்' என்று தொடங்கினாலும், பொதுச் சபையில் அமரும் 193 நாடுகளின் பேராளர்களும் அரசுகள் அனுப்பியவர்கள். நம் வாக்கு அங்கே போவதில்லை. ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு 1979 முதல் மக்களே நேரடியாக வாக்களிக்கிறார்கள், அதுபோல ஐ.நா.வுக்கு ஒரு நாடாளுமன்றப் பேரவை, முதலில் ஆலோசனை சொல்லும் அளவிலாவது வேண்டும் என்பது இன்றைய கோரிக்கை. நியாயமான கோரிக்கை, வர வேண்டியது. சாசனத்தையே திருத்துவது கடினம். மறு ஆய்வு மாநாடு கூட்ட அதன் 109-வது பிரிவு வழி தந்திருக்கிறது. ஆனால் மாநாட்டில் எடுக்கும் முடிவு செல்ல, பாதுகாப்பு அவையின் ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளும் ஏற்க வேண்டும். அந்த மாநாடு இதுவரை ஒருமுறைகூடக் கூட்டப்படவில்லை.