சுகமாயிட்டு என்று குளிகையை நிறுத்தும் முன்

மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுகிறவர்களில் பலர் அதை விடுவது ஆறாவது ஏழாவது வாரத்தில். ஒறக்கம் வருகிறது, சாப்பாடு இறங்குகிறது, நெஞ்சில் கிடந்த வெப்ராளம், அந்தப் பதைப்பு, அடங்கிவிட்டது. "சுகமாயிட்டு, இனி எதுக்கு குளிகை?" என்று மிச்ச அட்டை அலமாரிக்குப் போகிறது. மூன்றாம் நாள் தலை சுற்றும். கண்ணைத் திருப்பினால் தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு. கெட்ட கனவு, சள்ளென்று கோபம், குமட்டல், காய்ச்சல் வருமுன் வருகிற உடம்புவலி. பயந்துபோய் சிலர் நோய் திரும்பிவிட்டது என்று நினைக்கிறார்கள். சிலர், மருந்துக்கு அடிமையாகிவிட்டோம், இனி அந்தப் பக்கமே போகக்கூடாது என்று முடிவு கட்டுகிறார்கள். இரண்டுமே தவறு.

எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின், பராக்செட்டின் போன்றவை மூளையில் நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரோட்டோனின் என்ற பொருள் திரும்ப உறிஞ்சப்படுவதைக் குறைக்கின்றன. சில வாரங்களில் நரம்புகள் அந்த நிலைக்குப் பழகிவிடும். திடீரென்று மருந்து போனால் அவை தடுமாறுகின்றன, அந்தத் தடுமாற்றம்தான் தலைக்குள் அடிக்கும் கரண்ட். போதைப் பொருள்போல ஏக்கம் வராது, நாளுக்கு நாள் அளவைக் கூட்டச் சொல்லவும் சொல்லாது. நோய் திரும்புவதற்கும் இதற்கும் வித்தியாசம் காண நாட்களை எண்ணினால் போதும். நிறுத்தியதால் வருவது பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு நாளில் தொடங்கும், தலைசுற்றலும் கரண்ட் வெட்டும் கூடவே இருக்கும், பழைய அளவைத் திரும்ப எடுத்தால் ஓரிரு நாளில் அடங்கும். நோய் திரும்புவது வாரக்கணக்கில், மாதக்கணக்கில், மெல்ல மெல்ல.

எல்லா மருந்தும் ஒரே மாதிரி பழிவாங்காது. வென்லாஃபாக்சின் உடம்பிலிருந்து சில மணி நேரத்தில் வெளியேறத் தொடங்கிவிடும். ஒரு நாள் தவறினாலே சிலருக்குத் தெரியும். பராக்செட்டினும் அப்படித்தான். ஃப்ளூவாக்செட்டினும் அதிலிருந்து உடம்புக்குள் உண்டாகும் பொருளும் வாரக்கணக்கில் தங்குவதால் நிறுத்தும் தொல்லை குறைவு.

முதல் முறை மனச்சோர்வு வந்தவர், நன்றாக ஆன நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் அதே அளவில் தொடர வேண்டும். ஏற்கெனவே வந்துபோனவருக்கு இரண்டு வருடமோ அதற்கு மேலோ. அதன் பிறகும் படிப்படியாகத்தான் இறங்க வேண்டும். எஸ்சிடலோபிராம் 20 மில்லிகிராமில் இருப்பவர் 15, 10, 5 என்று, ஒவ்வொரு படியிலும் இரண்டு முதல் நான்கு வாரம் நின்று இறங்குவது வழக்கம். இங்கே பலர் ஏமாறுவது கடைசிப் படியில். 20-லிருந்து 10-க்கு வந்தபோது ஒன்றும் தெரியவில்லையே என்று 5-லிருந்து நேராகப் பூஜ்யத்துக்குப் போய்விடுவார்கள். இந்த மருந்துகளின் பெரும்பகுதி வேலை முதல் சில மில்லிகிராமிலேயே நடக்கிறது. அதனால் 20-லிருந்து 10-க்கு இறங்குவதைவிட 5-லிருந்து பூஜ்யத்துக்கு இறங்குவதுதான் மூளைக்குப் பெரிய குதிப்பு. 5 மில்லிகிராம் மாத்திரையைப் பாதியாக்கி 2.5-ல் சில வாரம் நிற்பது இதற்காகத்தான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டு நிறுத்தும் பழக்கமும் உண்டு. குறைந்த நேரம் தங்கும் மருந்துகளில் அது தினமும் ஏறி இறங்கும் ஊஞ்சல்தான். வென்லாஃபாக்சின் போன்ற மெதுவாகக் கரையும் கேப்சூல்களை நசுக்கவோ மெல்லவோ கூடாது. ஒரு நாள் முழுவதற்குமான மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும்.

இனி, கையில் இருப்பது என்ன மாத்திரை என்பது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை. நாகர்கோவிலில் ஒரு டாக்டர், களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர் என்று காட்டுகிறவர்கள் ஏராளம். இரண்டு சீட்டிலும் இரண்டு கம்பெனிப் பெயர், உள்ளே இருப்பது ஒரே எஸ்சிடலோபிராம். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டு, இரட்டை அளவில் கை நடுக்கமும் வியர்வையுமாக வருவார்கள். அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை விட்டுவிட்டு, சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் படியுங்கள். படிக்க முடியாவிட்டால் மெடிக்கலில் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். நான்கு குளிகை மட்டும் வெட்டித் தரும்போது பெயரும் காலாவதித் தேதியும் இருக்கிற துண்டு கடையிலேயே தங்கிவிடுவதுண்டு. இந்த மருந்தை முழு அட்டையாக வாங்குவது நல்லது.

அதைவிட முக்கியமான ஒன்று. எஸ்சிடலோபிராம் 10, குளோனசிபாம் 0.5 இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை நம் கடைகளில் மிகச் சாதாரணம். மருந்து பிடிக்கும்வரை ஒறக்கத்துக்கும் படபடப்புக்கும் என்று முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு அதை எழுதுவார்கள், பிறகு தனி எஸ்சிடலோபிராமுக்கு மாற்றுவது திட்டம். ஆனால் மறுமுறை டாக்டரைப் பார்க்காமல் பழைய சீட்டையோ காலி அட்டையையோ நீட்டி வருடக்கணக்கில் அதையே வாங்குகிறார்கள். குளோனசிபாமுக்கு உண்மையிலேயே உடம்பு அடிமையாகும். நாளாகச் சாப்பிட்டு ஒரே நாளில் விட்டால் வலிப்பே வரலாம். முதியவர்கள் இரவில் எழுந்து நடக்கும்போது விழுவதற்கும் இது ஒரு காரணம். உங்கள் அட்டையில் இரண்டு பெயர் இருந்தால் இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தொடக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் பத்து நாளில் விடுகிறவர்களும் உண்டு. எஸ்சிடலோபிராம் என்றால் பெரும்பாலும் 5 அல்லது 10 மில்லிகிராமில் தொடங்கி, உச்சம் 20. 65 வயது தாண்டியவருக்கு 10-க்கு மேல் போவதில்லை. செர்ட்ராலின் 25 அல்லது 50-ல் தொடங்கி, உச்சம் 200. குமட்டல், தலைவலி, வயிறு இளகுதல் எல்லாம் முதல் ஒன்றிரண்டு வாரம்தான். சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால் குமட்டல் குறையும். ஒறக்கம் கெட்டால் காலையில், தூக்கக்கலக்கம் வந்தால் இரவில் எடுக்கலாம். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், முழுதாகத் தெரிய ஆறு முதல் எட்டு வாரம். தொந்தரவு முதல் நாளே வரும், நன்மை மாதம் கழித்து வரும். இந்த இடைவெளியை முன்னாலேயே சொல்லிவிட்டால் பாதிப் பேர் மருந்தை விடமாட்டார்கள்.

யாரும் வாய் திறக்காத ஒரு பக்கவிளைவு உண்டு. தாம்பத்திய ஆசை குறைவது, ஆணுக்கு விந்து வெளியேறத் தாமதமாவது, பெண்ணுக்கு உச்சம் வராமல் போவது. வெட்கப்பட்டு டாக்டரிடம் சொல்லாமல், மனைவியிடமும் சொல்லாமல், மருந்தை மட்டும் நிறுத்துகிற ஆண்கள் நிறைய. அளவைக் குறைக்கலாம், மிர்டசபின், புப்ரோபியான் போன்ற வேறு மருந்துக்கு மாற்றலாம். கேட்டால் வழி இருக்கிறது.

சிலருக்கு முதல் இரண்டு வாரத்தில் வெப்ராளம் குறைவதற்குப் பதிலாகக் கூடும். உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருப்பார்கள். 25 வயதுக்குக் குறைந்தவர்களிடம் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2004-ல் சிறுவர்களுக்காகக் கட்டமிட்ட எச்சரிக்கை வைத்தது. 2007-ல் அதை 24 வயது வரை நீட்டியது. அதனால் பிள்ளைகளுக்கு மருந்தே வேண்டாம் என்று ஆகிவிடாது. முதல் மாதமும் அளவு மாறும்போதும் வீட்டில் ஒருவர் பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும், மாத்திரையை அவரே வைத்திருந்து அன்றன்றைக்கு எடுத்துத் தர வேண்டும். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்துகள் அளவு மீறினால் இதயத்தைத் தாக்கும். தலைவலிக்கும் நரம்பு வலிக்கும் 10, 25 மில்லிகிராமில் அதை வாங்கி வைத்திருக்கிற வீடுகளிலும் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும். இன்னொன்று: இரண்டு மணி நேரமே ஒறங்கியும் களைப்பில்லாமல், ஓயாமல் பேசி, கண்டபடி பணம் செலவழிக்கத் தொடங்கினால் அது குணமான அறிகுறி இல்லை. இருதுருவ மனநோய் உள்ளே இருந்திருக்கலாம். அன்றே டாக்டரிடம் போங்கள். இரவில் யாரிடமாவது பேசியே ஆக வேண்டும் என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். உயிருக்கு ஆபத்தென்றால் 108.

எதனோடு சேரக்கூடாது என்பதில் வலிமாத்திரைதான் முதலில். முதுகுவலிக்கு, பல் பிடுங்கியதற்கு எழுதும் டிரமடால் இந்த மருந்துகளோடு சேர்ந்தால் செரோட்டோனின் அளவுக்கு மீறலாம்: நடுக்கம், கை கால் வெட்டி வெட்டி இழுத்தல், வியர்வை, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், குழப்பம். அப்படி வந்தால் உடனே ஆஸ்பத்திரி. இருமல் மருந்தில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபானும் அந்த வரிசையில்தான். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் சேர்ந்தால் இரைப்பையில் ரத்தக் கசிவுக்கு வாய்ப்பு கூடும். மலம் தார்போலக் கறுத்தால் காத்திருக்கக் கூடாது. சாதாரண வலிக்கு பாரசிட்டமால் போதும்.

பிரஷர் மருந்தில் ஹைட்ரோகுளோரோதயசைட் அல்லது குளோர்தாலிடோன் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். டெல்மிசார்டானோடு சேர்த்து விற்பது அதிகம். இவையும் சோர்வு மருந்தும் சேரும்போது முதியவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கலாம். தொடங்கிய சில வாரத்தில் தள்ளாட்டம், குழப்பம், "அம்மைக்கு ஓர்மையே இல்லை" என்ற நிலை. வயசாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு சின்ன ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். 65 தாண்டியவருக்கு மருந்து தொடங்கி இரண்டாவது வாரம் சோடியம் பார்த்துவிடுவது பாதுகாப்பு. அரசின் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கே பிரஷர் மாத்திரை வருகிறவர்கள், அந்த அட்டைகளையும் மனநல டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

மார்புப் புற்றுநோய்க்கு திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்தில் தாமாக்சிஃபென் எழுதப்பட்டவர்கள் பராக்செட்டினும் ஃப்ளூவாக்செட்டினும் எடுக்கக் கூடாது. தாமாக்சிஃபெனை வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றுகிற கல்லீரல் நொதியை இவை அடைத்துவிடும். இரண்டு டாக்டருக்கும் மற்றவர் சீட்டு தெரிந்திருந்தால் வேறு மருந்து தருவார்கள். வர்ம வைத்தியமும் கோட்டாறு ஆயுர்வேதக் கல்லூரி மருந்தும் நம் ஊரில் வழக்கம்தான். அங்கேயும் இங்கேயும் மறைக்காமல் சொல்லுங்கள். கர்ப்பம் என்று தெரிந்தால் அன்றே பயந்து நிறுத்திவிடாமல், அன்றே டாக்டரைப் பாருங்கள். மதுவை மருந்து முடியும்வரை விட்டுவிடுவதே நல்லது. அது சோர்வைத் திரும்பக் கொண்டுவரும், மிர்டசபினோடும் குளோனசிபாமோடும் சேர்ந்தால் மூச்சும் நிதானமும் தளரும்.

வேலையும் மருந்தும் ஒத்துப்போக வேண்டும். விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர் மிர்டசபினோ அமிட்ரிப்டிலினோ இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டால் மூன்று மணிக்கு மயக்கம் விலகியிருக்காது. ஏழு ஏழரைக்கே எடுக்க வேண்டும். பனையும் தென்னையும் ஏறுகிறவர், எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா என்று முதல் இரண்டு வாரம் கவனித்துவிட்டுத்தான் மரத்தில் கால் வைக்க வேண்டும். அமிட்ரிப்டிலினில் அது அதிகம்.

வேண்டுமென்றே நிறுத்தாமல், தானாக நின்றுபோவதும் உண்டு. தூத்தூர், வள்ளவிளை பக்கத்தில் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் கரை காண்பதில்லை. போகிற நாட்களுக்கு மேல் பத்து நாள் மருந்து கூடுதலாக வேண்டும். அட்டையிலிருந்து பிரிக்காமல், மூடி இறுகிய டப்பாவில், இரண்டு இடத்தில் பிரித்து வையுங்கள். ஒரு வேளை தவறினால் நினைவு வந்ததும் எடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் தவறியதை விட்டுவிடுங்கள், இரண்டாகச் சாப்பிடாதீர்கள். பல நாள் விட்டுப்போனால் பழைய அளவில் நேராகத் தொடங்குமுன் டாக்டரிடம் ஒரு போன். அளவைக் குறைக்கும் காலம் வந்தால், மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை, வீட்டில் இருக்கும் அந்த 61 நாளில் குறைக்கலாமா என்று கேளுங்கள். கடலில் தலைசுற்றினால் பிடிக்க ஆள் இருக்காது.

வளைகுடாவிலிருந்து லீவில் வந்து சிகிச்சை தொடங்குகிறவர்கள், திரும்பும் தேதியை முதல் நாளே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மருந்து பிடித்ததா என்று பார்க்க ஆறு வாரம் வேண்டும், விமானம் நான்காவது வாரம் என்றால் அளவும் மருந்தும் அதற்கேற்ப முடிவாக வேண்டும். குளோனசிபாம், அதே வகையான அல்பிரசோலம், டிரமடால் மூன்றும் வளைகுடா நாடுகள் பலவற்றில் கட்டுப்பாட்டு மருந்துகள். முன் அனுமதி இல்லாமல் பையில் இருந்தால் விமான நிலையத்திலேயே வழக்காகலாம். சோர்வு மாத்திரைதானே என்று கொண்டுபோகும் அட்டையில் குளோனசிபாமும் சேர்ந்திருந்தால் அதுவும் இந்தக் கணக்கில்தான் வரும். தனி எஸ்சிடலோபிராமுக்கும், மருந்தின் பெயரும் அளவும் நாட்களும் ஆங்கிலத்தில் எழுதி முத்திரையிட்ட சீட்டு வேண்டும். பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயரே சீட்டிலும் இருக்க வேண்டும். மாத்திரை கடை அட்டையிலேயே, கைப்பையில் போக வேண்டும். அங்கே இருக்கும் பக்கத்து வீட்டுப் பையனுக்கென்று யாராவது மருந்துப் பொதியைக் கொடுத்தனுப்பினால், பிரித்து ஒவ்வொரு அட்டையாகப் படிக்காமல் வாங்காதீர்கள். சீட்டு இல்லையென்றால் எவ்வளவு வேண்டியவர் கொடுத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.