பெருக்கத் தெரிந்த நேர்கோடு

கைக்கணிப்பான் இல்லாத காலத்தில், போர்முனையில் நின்ற பீரங்கி வீரர்கள் தொலைவுக் கணக்கை எப்படி விரைவாகப் போட்டார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கோடுகள் அச்சிட்ட ஒரு தாளும், அதன்மேல் இழுத்துப் பிடித்த ஒரு நூலும் அதற்குப் போதுமானவையாக இருந்தன. நோமோகிராம் எனப்படும் இந்த வரைபட முறையை 1884இல் முன்வைத்த மோரிஸ் தொக்காஞ், சாலைகளையும் பாலங்களையும் கவனிக்கும் பிரெஞ்சு அரசுத் துறையின் பொறியாளர். முதல் உலகப் போரில் அது பீரங்கிப் படைக்கும் பயன்பட்டது.

பீரங்கிப் படையினர் கோணத்தை அளக்கும் அலகு மில்: வட்டத்தை 6400 கூறுகளாக்கினால் ஒரு கூறு ஒரு மில். ஒரு மீட்டர் உயரப் பொருள் 1000 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ ஒரு மில் கோணத்தில் தெரியும். ஆகவே, உயரத்தை 1000ஆல் பெருக்கித் தொலைநோக்கியில் அளந்த மில்லால் வகுத்தால் தொலைவு கிடைத்துவிடும்.

இந்தப் பெருக்கலையும் வகுத்தலையும் ஒரு நூல் எப்படிச் செய்கிறது என்பதுதான் எனக்கு அலுக்காத விந்தை. சம இடைவெளியில் மூன்று செங்குத்துக் கோடுகள் நிற்கட்டும். அவற்றின் குறுக்கே நூலை எப்படிச் சாய்த்துப் பிடித்தாலும், அது நடுக்கோட்டை வெட்டும் உயரம் இரு ஓரங்களில் வெட்டும் உயரங்களின் கூட்டலில் சரிபாதியாகவே இருக்கும். பள்ளியில் படித்த சரிவகத்தின் பண்புதான் இது. எனவே நடுக்கோட்டின் அளவை பாதியாகச் சுருக்கி எழுதினால், நூல் கூட்டத் தொடங்கிவிடுகிறது. எண்களுக்குப் பதில் அவற்றின் மடக்கைகளின்படி (லாகரிதம்) புள்ளிகளை இட்டால், மடக்கைகளின் கூட்டல் எண்களின் பெருக்கல் என்பதால், அதே நூல் பெருக்கவும் செய்கிறது. இடக்கோட்டில் தொலைவையும் வலக்கோட்டில் கோணத்தையும் பத்து மடங்குக்குப் பத்து சென்டிமீட்டர் என்ற அளவிலும், நடுவில் உயரத்தை ஐந்து சென்டிமீட்டர் என்ற அளவிலும் குறித்துக்கொண்டு, 12 மீட்டர் வீடு 8 மில் கோணத்தில் தெரிவதாக வைத்து நூலைப் பிடித்தால், இடப்பக்கம் 1500 மீட்டரில் போய் நிற்கும். வடிவியலால் என்ன பயன் என்று கேட்டு ஆய்வு நிதியைக் குறைப்பவர்களிடம் இந்த நூலைத்தான் நீட்டத் தோன்றுகிறது.

தாளில் படிப்பது துல்லியமாகுமா என்ற ஐயம் நியாயமானதே. இடக்கோட்டில் ஒரு மில்லிமீட்டர் பிசகிப் படித்தால் விடை சுமார் 2.3 விழுக்காடு மாறும். மடக்கை அளவு என்பதால், தொலைவு எதுவானாலும் இந்த விழுக்காடு மாறாது. மேற்கண்ட கணக்கில் அது 35 மீட்டர். ஆனால் 8 மில்லை 7.5 என்று கண் தவறாகப் படித்தாலோ 1500 மீட்டர் 1600 ஆகிவிடும். வீட்டின் உயரத்தை 12 மீட்டர் என்று குத்துமதிப்பாகக் கொண்டதில் நேர்ந்த பிழை இதற்கு மேல் தனி.